குண்டு மழை அல்ல

2025 மே 8ஆம் தேதி இரவு, கராச்சி துறைமுகம் அழிக்கப்பட்டுவிட்டதாக இந்தியத் தொலைக்காட்சிகள் பலவும் அறிவித்தன. விக்ராந்த் கப்பல் தாக்கியது என்றார்கள். நகரம் எரிகிறது என்றார்கள். எங்கேயோ எப்போதோ எடுத்த காணொளிகளை ஓடவிட்டார்கள். விடிந்து பார்த்தால் கராச்சி அப்படியே இருந்தது. அதன் பிறகு நாமெல்லாம் சேர்ந்து டிவிக்காரர்களைத் திட்டினோம், மீம் போட்டோம், மறந்தோம்.

செய்திதான் பொய். அதைக் கேட்டு வந்த சந்தோஷம் நிஜம். காங்கேயத்து டீக்கடைகளில், எங்கள் பக்கத்து வாட்ஸாப் குழுக்களில், "கராச்சியவே பொசுக்கீட்டாங்களாமா!" என்று அன்றைக்கு ராத்திரி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரண்டு கோடிக்கு மேல் ஜனம் வாழும் ஊர் கராச்சி. அதில் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பஹல்காமில் 26 பேரைச் சுட்டுக்கொன்றவர்கள் மேல் வந்த கோபம் நியாயமானது. அந்தக் கோபம் எந்த இடத்தில் ஒரு நகரத்தின் மேல் வந்த ஆசையாக மாறியது? அதே நாட்களில் எல்லைக்கு இந்தப் பக்கம் பூஞ்ச் ஊரில் பாகிஸ்தான் எறிகணைகள் விழுந்து, குழந்தைகள் உட்படப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்கு நாம் அழுதோமா? கராச்சிக்குச் சிரித்த அளவில் பாதிகூட இல்லை.

நகரங்களின் மேல் குண்டு போடுவதைக் கொண்டாடுகிறவர்கள் எப்போதும் மேலே, விமானத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் யோசிக்கிறார்கள். கீழே நின்று யோசிப்பதே இல்லை. தமிழர்கள் இப்படி யோசிப்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. ஏனென்றால் கடந்த நூறு வருடத்தில் நாம் நின்ற இடம் பெரும்பாலும் கீழேதான்.

மழைக்கு எழுவாய் இல்லை

முதலில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வோம். "குண்டுமழை பொழிந்தது." நாளிதழ் தலைப்பு, டிவி ஃபிளாஷ், நாவல், மேடைப் பேச்சு, எல்லா இடத்திலும் இருக்கிறது. யாருக்கும் உறுத்துவதில்லை.

காங்கேயம் வானம் பார்த்த பூமி. மேற்கு மலைகள் மறித்த மிச்சம்தான் எங்கள் மழை. கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, கொறங்காடு என்று ஒரு மேய்ச்சல் நிலத்தை உண்டாக்கினார்கள். அந்தக் காய்ந்த நிலத்துக்கு ஏற்றாற்போல உருவானதுதான் காங்கேயம் மாடு. இங்கே மழை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை எடுத்து 250 கிலோ வெடிமருந்துக்கு ஒட்டவைத்தவர்களைக் கேட்கிறேன்: உங்களுக்கு எங்கே மழை பெய்தது?

இதை வெறும் ரசனைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மழை பெய்தது என்றால் பெய்தது, அவ்வளவுதான். யார் பெய்யவைத்தார்கள் என்று கேட்க முடியாது. குண்டு அப்படியா? ஒருவர் வரைபடத்தில் புள்ளி வைத்தார். ஒருவர் கையெழுத்துப் போட்டார். ஒருவர் குண்டை விமானத்தில் மாட்டினார். ஒருவர் பொத்தானை அழுத்தினார். நாலு பேருக்கும் பெயர் உண்டு, பதவி உண்டு, பென்ஷன் உண்டு. "குண்டுமழை" என்ற ஒரே சொல்லில் நாலு பேரும் தப்பித்துப் போய்விடுகிறார்கள்.

போரையே நாம் இப்படித்தான் பேசுகிறோம். சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவர் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். துப்பாக்கி வைத்த சமயத்தில் கார்கில் போர் வந்தது என்று எங்கள் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்வது என் வேலை இல்லை. ஆனால் "போர் வருமுங்களா?" என்று கேட்கிற பழக்கத்தைப் பாருங்கள். புயல் வருமா என்று கேட்கிற அதே தொனி. போர் வருவதில்லை. கொண்டுவருகிறார்கள்.

குறி தவறினால் குறியைப் பெரிதாக்கு

விமானத்திலிருந்து முதல் குண்டு விழுந்தது 1911 நவம்பர் 1ஆம் தேதி, இன்றைய லிபியாவில். ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய விமானி, கையெறி குண்டுகளை அரபுகள் தங்கியிருந்த இடங்களின் மேல் போட்டார். அங்கிருந்து எட்டே வருடத்தில் அது நம் நாட்டுக்கு வந்துவிட்டது.

ஜாலியன்வாலா பாக் எல்லோருக்கும் தெரியும். 1919 ஏப்ரல் 13. அதற்கு மறுநாள் என்ன நடந்தது என்று பலருக்குத் தெரியாது. ஏப்ரல் 14ஆம் தேதி, இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலா நகரத்தின் மேலும் சுற்றியிருந்த ஊர்களின் மேலும் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு வீசின, இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. கால்சா பள்ளிக்கூட விடுதி வளாகமும் தப்பவில்லை. பத்துப் பேருக்கு மேல் இறந்ததை அரசுக் கணக்கே ஒப்புக்கொண்டது. விசாரித்த ஹண்டர் குழுவின் முன் கார்பெரி என்ற அதிகாரி சொன்ன பதிலின் சாரம் இதுதான்: கொஞ்சம் பேரைக் கொன்றால் மற்றவர்கள் கூட்டம் சேர மாட்டார்கள். அதாவது அவர்களின் நன்மைக்குத்தான். தரையில் நின்று சுட்ட டயரின் பெயர் நூறு வருடமாக நம் நாக்கில் இருக்கிறது. மேலிருந்து சுட்ட கார்பெரியின் பெயர் நமக்குத் தெரியவே தெரியாது. உயரம் என்பது எவ்வளவு பெரிய மறைவிடம் பாருங்கள்.

1920களில் பிரிட்டன் இராக்கிலும் வடமேற்கு எல்லையிலும் இதையே நிர்வாக முறையாக ஆக்கியது. காலாட்படை அனுப்பினால் செலவு, விமானம் அனுப்பினால் மலிவு. அந்த இரண்டு இடங்களிலும் பணியாற்றிய ஆர்தர் ஹாரிஸ்தான் பிறகு ஜெர்மன் நகரங்களைக் கொளுத்திய பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படைக்குத் தலைமை தாங்கினார்.

அந்தப் படை நகரங்களைக் குறிவைத்த கதையை நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்க வேண்டும். 1941 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தன் குண்டுவீச்சுப் புகைப்படங்களை ஆராய்ந்து பார்த்தது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் குண்டு போட்டிருந்தது. தொழிற்சாலையைக் குறிவைத்தால் மாட்டுக்கொட்டகையில் விழுகிறது. குறி தவறுகிறது என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும்? அவர்கள் குறியைப் பெரிதாக்கினார்கள். 1942 பிப்ரவரியில் வந்த உத்தரவு, எதிரி நாட்டு மக்களின் மனவுறுதியை, குறிப்பாகத் தொழிலாளர்களின் மனவுறுதியை, இலக்கு என்று அறிவித்தது. தொழிற்சாலையைத் தவறவிடலாம். தொழிலாளி குடியிருக்கும் நகரத்தைத் தவறவிட முடியாது. 1943 ஜூலை கடைசியில் ஹாம்பர்க்கில் ஒரு வாரத்துக்குள் 35,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

1945 மார்ச் 9 இரவு டோக்கியோ. ஏறத்தாழ 280 அமெரிக்க விமானங்கள். சுமார் ஒரு லட்சம் பேர் ஒரே இரவில் வெந்து செத்தார்கள். மரத்தாலும் காகிதத்தாலும் ஆன வீடுகள் நிறைந்த உழைப்பாளிகளின் பகுதி அது. ஏன் அந்தப் பகுதி? உத்தரவிட்ட தளபதி கர்ட்டிஸ் லெமே ஒரு நியாயம் சொன்னார்: அங்கே வீட்டுக்கு வீடு சின்னச் சின்ன இயந்திரங்கள் ஓடுகின்றன, பெரிய ஆலைகளுக்கு வேண்டிய உதிரிபாகங்களை வீட்டிலேயே செய்துகொடுக்கிறார்கள், ஆகவே வீடுதான் ஆலை.

திருப்பூர்க்காரர்களே, காங்கேயத்துக்காரர்களே, இதைக் கொஞ்சம் நிதானமாக இன்னொரு தடவை படியுங்கள்.

வீட்டுக்கு வீடு இயந்திரம். பெரிய கம்பெனிக்குச் சின்ன இடத்தில் ஜாப் ஒர்க். நிட்டிங் ஒரு செட்டில், சாயம் இன்னொரு இடத்தில், காஜா பட்டன் ஒரு வீட்டு முன்னறையில், பிசிர் வெட்டுவது திண்ணையில். வெள்ளகோவில் பக்கம் போனால் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். லெமே இன்றைக்கு நம் மேல் பறந்தால் இது பனியன் ஊர் இல்லை, சிப்பாய்க்கு உள்ளாடை தைக்கிற ஊர். காங்கேயத்து அரிசி ஆலை, படையின் ரேஷன். எண்ணெய் ஆலை, படையின் சமையற்கட்டு. ஏக்கர் கணக்கில் வெயிலில் பரப்பிக் கிடக்கிற கொப்பரைக் களம் இருபதாயிரம் அடி உயரத்திலிருந்து என்னவாகத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரிகிறதைப் பொறுத்து ஒருவர் முடிவெடுப்பார். போதாததற்கு நமக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் சூலூர் விமானப்படைத் தளம். எப்போதாவது வானத்தில் படாரென்று சத்தம் கேட்டால் "சூலூர் பிளேனுங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறோம். காங்கேயம் ஒரு ராணுவ இலக்கு என்று நிரூபித்து முடிக்க ஒரு மத்தியான நேரம் போதும். உலகத்தில் எந்த ஊரையும் அப்படி நிரூபித்துவிடலாம். கராச்சியையும் அப்படித்தான் நிரூபித்தோம்.

வேடிக்கை பார்த்தவர்கள்

1941 டிசம்பர் 23 காலை ரங்கூன் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தன. அந்த நகரத்தின் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். தமிழர்கள், தெலுங்கர்கள், வங்காளிகள், ஒடியாக்கள். துறைமுகக் கூலிகள், ரிக்‌ஷா இழுப்பவர்கள், கடைச் சிப்பந்திகள், வட்டிக்கடைக் கணக்கர்கள். விமானம் வந்தால் பதுங்க வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கமில்லை. தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்தின் நடுவில் குண்டுகள் விழுந்தன. அன்றைக்கு மட்டும் சுமார் 2000 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று திரும்பவும் வந்தார்கள். அதன் பிறகு நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் பர்மாவை விட்டு ஓடினார்கள். காட்டு வழியில் நடந்தவர்களில் பல்லாயிரம் பேர் வந்து சேரவில்லை. நம் தாத்தாக்கள் சொன்ன "பர்மாவிலிருந்து நடந்து வந்தது" என்கிற கதை ஒரு நகரக் குண்டுவீச்சில் தொடங்குகிறது. அதை நாம் ஏதோ சாகசப் பயணம்போலக் கேட்டு வளர்ந்தோம்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பு. துறைமுகத்தைத் தாக்க வந்த விமானங்களில் சில, அங்கொடை மனநல மருத்துவமனையின் மேல் குண்டு போட்டன. எண்ணெய்க் கிடங்கு என்று நினைத்துவிட்டார்களாம். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. சென்னையில் ஒரு குண்டுகூட விழாமலே அரசாங்க அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு மூட்டை கட்டின, லட்சக்கணக்கானவர்கள் ரயிலிலும் மாட்டுவண்டியிலும் வெளியேறினார்கள். மிருகக்காட்சி சாலையில் குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலி, சிறுத்தை, கரடிகளைச் சுட்டுக்கொன்றார்கள். பிறகு 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் இரவில் வந்து துறைமுகத்துப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. குண்டு பற்றிய பயமே ஒரு மாநகரத்தைக் காலி செய்தது. அந்த நகரத்தின் பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு அடுத்தவன் நகரம் காலியாவதை ரீல்ஸில் பின்னணி இசையோடு பார்க்கிறோம்.

இரண்டு தமிழ்கள்

எங்கள் பக்கத்துத் தமிழில் வானத்தில் போகிறது ஏரோப்ளேன். குழந்தையைத் தூக்கி டாட்டா காட்டச் சொல்வோம். இதே மொழி பேசுகிற யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அதற்கு வேறு சொற்கள் இருந்தன. பொம்மர். சகடை. கிபிர். ஆளில்லா வேவு விமானத்துக்கு வண்டு. பெயர்கள் வெறுமனே வரவில்லை. சத்தத்தை வைத்தே எது வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, ஓடலாமா, குப்புறப் படுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்ததால் வந்தன. வீட்டு வளவில் கிணறு வெட்டுவதுபோல பங்கர் வெட்டினார்கள். பவானிசாகரிலும் அறச்சலூரிலும் இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்களில் இந்தச் சொற்கள் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான்.

1995 ஜூலை 9, நவாலி. இலங்கை ராணுவம் வலிகாமத்தில் முன்னேறியது. கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் போய்த் தங்குங்கள் என்று மக்களிடம் அரசுத் தரப்பே சொல்லியிருந்தது. அப்படித் தங்கியவர்களின் மேல்தான், நவாலி புனித பேதுருவானவர் தேவாலயத்தின் மேல், விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உண்மையை வெளியே சொன்ன செஞ்சிலுவைச் சங்கத்தின் மேல்தான் அரசாங்கம் கோபப்பட்டது. சமாதானத்தைக் கொண்டுவருவேன் என்று சொல்லி 1994இல் ஜெயித்த அரசாங்கம் அது. செப்டம்பரில் ராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. அதை ஒட்டி 22ஆம் தேதி நாகர்கோவில் பள்ளிக்கூடத்தின் மேல் குண்டு விழுந்தது. இருபதுக்கு மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். 2006 ஆகஸ்ட் 14, வள்ளிபுனம் செஞ்சோலை. ஐம்பதுக்கு மேற்பட்ட இளம்பெண்கள். பெரும்பாலும் பள்ளி மாணவிகள். புலிகளின் பயிற்சி முகாம் என்றது அரசாங்கம். அங்கே ராணுவ நிலை இருந்ததற்கான அடையாளம் இல்லை என்றார்கள், போய்ப் பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்கள்.

நாமும் இதில் இருக்கிறோம். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்கள் போட்டன. பூமாலை நடவடிக்கை என்று பெயர். தமிழ்நாடே கைதட்டியது. ஐந்து மாதம் முடிவதற்குள், அக்டோபர் 27 அன்று, அதே நாட்டின் ஹெலிகாப்டர்கள் சாவகச்சேரிச் சந்தையைத் தாக்கின. கடை போட்டிருந்தவர்களும் காய்கறி வாங்க வந்தவர்களும் செத்தார்கள். பூமாலை நமக்கு நினைவிருக்கிறது. சந்தை நினைவில்லை.

அதற்கும் முன்னால், 1966 மார்ச் 5 முதல், இந்திய விமானப்படை இந்திய நகரமான ஐசாலின் மேலேயே குண்டு போட்டது. மிசோ தேசிய முன்னணியின் கிளர்ச்சியை அடக்க தூஃபானி, ஹண்டர் விமானங்கள் போயின. வீடுகளும் கடைவீதியும் எரிந்தன. ஆட்களையும் பொருட்களையும் இறக்கத்தான் விமானம் போனது என்று அன்றைக்குச் சொல்லப்பட்டது. மிசோரத்தில் மார்ச் 5 துக்க நாள். டெல்லியில் அது 57 வருடம் கழித்து, 2023 ஆகஸ்டில், ஒரு கட்சி இன்னொரு கட்சியை அடிக்க எடுத்த கம்பு.

இன்னும் ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2007இல் வான்புலிகள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தைத் தாக்கியபோது தமிழ்நாட்டில் இனிப்பு கொடுக்காத குறைதான். தளத்தைத் தாக்கியது போர். 2009 பிப்ரவரி 20 இரவு கொழும்பு நகரத்துக்குள் வந்த அவர்களின் விமானம் வரித்துறைக் கட்டடத்தில் மோதியது. அதற்கும் இங்கே கைதட்டல் இருந்தது. கிபிர் போட்ட குண்டுகளையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனால் கைதட்டிய கை ஒன்றுதான். நமக்கும் ஒரு விமானம் கிடைத்த மறுநிமிடம் நாம் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டோம்.

"ஆனா அவங்க மட்டும்…"

இனி வழக்கமான பதில்கள்.

"அவன் ஜனங்களுக்குள்ள ஒளிஞ்சிருக்கான், என்ன பண்றது?" ஒளிந்திருக்கலாம். மக்களைக் கேடயமாக வைப்பது குற்றம். வன்னியில் கடைசி மாதங்களில் மக்கள் வெளியேறுவதைப் புலிகள் தடுத்தார்கள், வெளியேற முயன்றவர்களைச் சுட்டார்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் அதையும் எழுதியது. அதே அறிக்கை, பெரும்பாலான பொதுமக்கள் அரசாங்கத்தின் எறிகணைகளால்தான் செத்தார்கள் என்றும் எழுதியது. ஒருவன் செய்த குற்றம், கேடயமாக நிறுத்தப்பட்டவளின் உயிரை எப்படி ரத்து செய்யும்? வங்கியில் திருடன் புகுந்தால் வங்கியோடு சேர்த்து வாடிக்கையாளர்களையும் கொளுத்துவோமா? "அது வேறங்க" என்கிறீர்கள். என்ன வேறு? அந்த வங்கியில் நம்ம ஆள் இருப்பார், அவ்வளவுதான் வேறு.

"இப்பல்லாம் குண்டு துல்லியமா விழுது." 1991 பிப்ரவரி 13, பாக்தாத், அமீரியா. லேசர் வழிகாட்டிய இரண்டு குண்டுகள் குறிவைத்த கட்டடத்தின் கூரையைச் சரியாகத் துளைத்தன. ஒரு அடிகூடத் தவறவில்லை. அது பொதுமக்களின் பதுங்குகுழி. பெண்களும் குழந்தைகளுமாக 400க்கு மேல் செத்தார்கள். 2022 மார்ச்சில் மரியுபோல் நாடக அரங்கின் வெளியே தரையில், வானத்திலிருந்து தெரிகிற அளவுக்கு, "குழந்தைகள்" என்று பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். அதன் மேலும் குண்டு விழுந்தது. காஸாவில் இறந்தவர்களின் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டிய காலத்தில், துல்லியமாக வழிகாட்டப்படும் ஆயுதங்களும் அங்கே விழுந்துகொண்டிருந்தன. எங்கே விழ வேண்டும் என்று முடிவெடுத்தவனின் மனசு துல்லியமாக இல்லாதபோது குண்டு துல்லியமாக இருந்து என்ன பயன்?

"ஒரேயடியா அடிச்சா போர் சீக்கிரம் முடியும்." 1940 செப்டம்பரிலிருந்து எட்டு மாதம் ஜெர்மனி லண்டனை அடித்தது. லண்டன் பணியவில்லை. தாங்கள் பணியவில்லை என்பதைக் கண்ணால் கண்ட அதே ஆங்கிலேயர்கள், ஜெர்மானியர்கள் மட்டும் பணிந்துவிடுவார்கள் என்று நம்பிக் குண்டு போட்டார்கள். ஜெர்மனியின் ஆயுத உற்பத்தி உச்சத்தைத் தொட்டது 1944இல், அத்தனை நகரங்கள் எரிந்த பிறகு. டோக்கியோ மார்ச்சில் எரிந்தது. ஆகஸ்ட் வரை போர் நடந்தது. அமெரிக்கா லாவோஸில் இருபது லட்சம் டன்னுக்கு மேல் கொட்டியது. போரிலும் தோற்றது. அன்று வெடிக்காமல் மண்ணில் கிடந்த குண்டுகள் இன்றும் வயலில் உழுகிறவர்களின் காலை எடுக்கின்றன.

"அவங்க நம்ம மேல போட்டா நீங்க இப்படிப் பேசுவீங்களா?" இப்படித்தான் பேசுவேன். நம் மேல் போட்டால் அது குற்றம் என்று சொல்ல எனக்கு உரிமை வேண்டும். கராச்சி எரிவதைக் கொண்டாடிவிட்டு அந்த உரிமையை எங்கே போய்க் கேட்பேன்?

ஒரே தராசு

மே 18ஆம் தேதி முள்ளிவாய்க்காலுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் சிலர், காஸா என்றதும் "அங்க நிலைமை வேற" என்று நழுவுகிறார்கள். காஸாவுக்காக முகப்புப் படத்தை மாற்றியவர்களில் சிலர், வன்னி என்றதும் "அதுல ரெண்டு பக்கமும் தப்பு" என்கிறார்கள். உக்ரைனுக்கு அழுகிறவர் பாக்தாதுக்கு அழ மாட்டார். இன்னொருவர் அதற்கு நேரெதிர். செத்தவர் யார், போட்டவர் யார் என்று பார்த்த பிறகே நம் கண்ணீர்ச் சுரப்பி வேலை செய்கிறது. இலக்கியம் படிக்கிற நாமும் இதில் விதிவிலக்கு இல்லை. போரைப் பற்றி எத்தனையோ நாவல்களைப் படித்துவிட்டு, கடைசியில் நம் குழுவின் நிலைப்பாட்டைத்தான் பகிர்கிறோம்.

நான் கேட்பது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒரே தராசு. நகரத்தின் மேல் குண்டு போடுவது குற்றம். போட்டவர் யாரானாலும். நம்ம ஆளானாலும். குறிப்பாக நம்ம ஆளானால்.

அதற்குச் சட்டமும் இருக்கிறது. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, பிரிவு 51. ஒரு நகரத்தில் தனித்தனியாக இருக்கும் பல ராணுவ இலக்குகளைச் சேர்த்து ஒரே இலக்காக்கி மொத்தமாகக் குண்டு போடக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. லெமேயின் வாதத்தை, ஹாரிஸின் வாதத்தை, "காங்கேயமே ஒரு ஆலை" என்ற வாதத்தை அது தடுக்கிறது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்ட அந்த நெறிமுறையை ஏற்காதவர்களின் பட்டியலைப் பாருங்கள்: அமெரிக்கா, இஸ்ரேல், பாகிஸ்தான், இலங்கை. இந்தியாவும். மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்கிற இந்தியாவும் பாகிஸ்தானும் ஒத்துப்போகிற இடம் இது. நியூரம்பர்க் விசாரணையிலும் நகரக் குண்டுவீச்சுக்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தண்டிக்கப்போனால் நீதிபதிகளை அனுப்பிய நாடுகளும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். இந்த ஒப்பந்தத்தில் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று தமிழ்நாட்டின் எம்.பி. ஒருவராவது நாடாளுமன்றத்தில் கேட்கலாம். ஈழத்துக்காக இத்தனை வருடம் பேசிய கட்சிகளுக்கு இது கஷ்டமான கேள்வி இல்லை. அவர்களிடம் கேட்கச் சொல்வது நம் வேலை.

எழுதுகிறவர்களுக்கு இன்னும் சின்னதாக ஒரு வேலை. "குண்டுமழை"யை விட்டுவிடுங்கள். "குண்டு விழுந்தது" என்று நானே இந்தக் கட்டுரையில் எழுதிய இடங்களிலும் பென்சிலால் கேள்விக்குறி போடுங்கள்: யார் போட்டது? செயலுக்கு ஆளைச் சேர்த்து எழுதுங்கள். இன்ன நாட்டு விமானப்படை, இன்ன தேதியில், இன்ன ஊரின் மேல் போட்டது. போடச் சொன்னவர் இன்னார். வாக்கியம் அழகாக இருக்காது. இருக்கவும் வேண்டாம்.

1937 ஏப்ரல் 26, ஸ்பெயினின் கெர்னிகா நகரத்தின் மேல் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு போட்டது ஒரு திங்கட்கிழமை, சந்தை நாள். இந்திய ஹெலிகாப்டர்கள் சாவகச்சேரியில் தாக்கியதும் சந்தையை. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டும் வேனிலும் வருகிற ஆயிரக்கணக்கானவர்களை நாம் பார்த்திருக்கிறோம். மயிலைக் காளைக்கு விலை பேசுகிறவர், துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடிக்கிறவர், கரும்புச்சாறு விற்கிறவர், அப்பன் தோளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. மேலிருந்து பார்க்கிறவருக்கு அது ஆட்கள் திரண்ட ஒரு புள்ளி. ஏதோ ஒரு நகரம் எரிகிறது என்று அடுத்த தடவை உங்கள் போனுக்குச் செய்தி வரும்போது, ஃபார்வர்டு செய்வதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: அங்கே இன்றைக்கு என்ன கிழமை, சந்தைக்கு யாரெல்லாம் வந்திருந்தார்கள்?